வீட்டுக்கும் ஒரு நேரசூசி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப வாழ்க்கையை இலகுவாக்கும் வீட்டு ஒழுங்குகள் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். முப்பத்தாறு வருடங்கள் மனையியல் படிப்பித்தவர் என்பதால் என்னைத் தெரிவு செய்ததாகச் சொன்னார்கள். படிப்பித்தது உண்மை. படிப்பித்ததை என் வீட்டில் செய்ய நான் வெகு காலம் தவறினேன் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1968 ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புக்கு இங்கு விடுதிப் பிள்ளையாக வந்து சேர்ந்தேன். காலை ஐந்து மணிக்கு முதல் மணி அடிக்கும். முகம் கழுவ, படிக்க, பிரார்த்தனைக்கு, சாப்பிட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. அந்த மணியை அடித்துக்கொண்டு வரும் அக்காவை நாங்கள் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. விடுதியில் இருந்தவர்கள் சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது.

மணியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மேட்ரனின் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாள் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அதில் அந்தக் கிழமைக்குரிய முறை எழுதியிருக்கும். முற்றம் கூட்டுவது இன்னார், தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பது இன்னார், பரிமாறுவது இன்னார், சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவது இன்னார். திங்கட்கிழமை பெயர்கள் மாறும். பெரிய இடத்துப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பேதம் அந்தத் தாளில் இருக்கவில்லை. மேட்ரன் காய்ச்சலில் படுத்த நாட்களிலும் விடுதி நடந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். தாள் கதவின் வெளிப்பக்கம் இருக்கும்.

இந்தக் கடைசி விடயத்தின் பெறுமதி எனக்கு 2003 இல்தான் விளங்கியது.

பிறகு நான் ஆசிரியையானேன். வீட்டு முகாமைத்துவம் என்ற அலகு வந்ததும் கரும்பலகையில் நான்கு படிகளை எழுதுவேன்: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல். அதன் கீழ் மனித வளம், மனிதமல்லாத வளம் என்று இரண்டு நிரல்கள். மனித வளத்தின் கீழ் நேரம், சக்தி, அறிவு, திறமை. பிள்ளைகள் கொப்பியில் அழகாக எழுதுவார்கள். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் என் கதை வேறு. வீட்டில் நாங்கள் ஆறு பேர்: மாமி, கணவர், நான், மூன்று பிள்ளைகள். அரிசி எப்போது முடியும், எந்தப் பிள்ளையின் சப்பாத்துப் பிய்ந்திருக்கிறது, சங்கக் கடையில் எவ்வளவு கொடுக்க வேண்டும், மாமிக்கு எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தன. எதையும் எழுதி வைத்ததில்லை. யாரிடமும் கொடுத்ததும் இல்லை. "நான் செய்தால்தான் சரியாக வரும்" என்பது என் பெருமை. அயலவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நானும் நம்பினேன்.

இடையில் 1995 வந்தது. ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். அந்த மழையையும் நாவற்குழிப் பாலத்தையும் உங்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலையும் இரண்டு வாங்குகளும். முதல் நான்கைந்து நாட்கள் எல்லோரும் சுவரில் சாய்ந்தபடி இருந்தோம். பிள்ளைகள் கண்ட நேரம் தூங்கி, கண்ட நேரம் எழும்பி, காரணமில்லாமல் அழுதார்கள்.

ஒரு நாள் பின்னேரம் மாமி ஜாம் போத்தல் விளக்கைத் துடைத்துக் கொளுத்தி வைத்தார். "பிள்ளை, வீட்டைத்தான் விட்டிட்டு வந்தனாங்கள். விளக்கு வைக்கிற நேரத்தையுமோ விட்டிட்டு வந்தனாங்கள்?" என்று கேட்டார். அன்று முதல் விளக்கு வைத்ததும் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் படிக்க வேண்டும் என்றானது. மண்ணெண்ணெய் விற்ற விலையில் அதற்கு மேல் எரிக்கவும் முடியாது. காலையில் கிணற்றடி வரிசைக்கு மூத்தவளும் தகப்பனும், விறகு பொறுக்க நடு மகனும் நானும், பாய் சுற்றி இடம் கூட்டுவது ஐந்து வயதுக் கடைக்குட்டி. இரண்டு கிழமையில் மற்ற மூன்று குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த ஒரு விளக்கைச் சுற்றி இருந்தார்கள். எதுவும் எங்கள் கையில் இல்லாத காலம் அது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. ஆனால் நாளைக்கு ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அழுவது குறைந்தது.

1996 சித்திரையில் வீடு திரும்பினோம். கூரையைத் திருத்தி, கிணறு இறைத்து, பாடசாலையும் தொடங்கியது. நான் மறுபடியும் எல்லாவற்றையும் தூக்கி என் தலைக்குள் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளிடமிருந்த வேலைகளையும் "பாவம், படிக்கட்டும்" என்று பறித்துக்கொண்டேன்.

2003 இல் ஒரு காலை கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள், பிறகு வீட்டில் ஆறு கிழமை படுக்கை. முதல் நாளே கணவர் வந்து என் காதுக்குள் கேட்டார், "இஞ்சேரும், உப்புப் போத்தல் எங்கை?" பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் மூன்று வேளையும் பாணும் வாழைப்பழமும் ஓடிக்கொண்டிருந்தன.

நான்காம் நாள் மாமி விழுந்தார். அவருக்குப் பிறஷர் குளிசை இரண்டு வகை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டையும் உறையிலிருந்து எடுத்து, ஒரு மூடியில் வைத்து, தண்ணீரோடு நான்தான் கொடுப்பேன். அவருக்குப் பெயரும் தெரியாது, நேரமும் தெரியாது. வீட்டில் மற்ற நால்வருக்கும் தெரியாது. நான்கு நாளாக அவர் ஒன்றும் போடவில்லை. கேட்டுக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவரை நான் இருந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பினார். இடது கை முன்போல் வரவில்லை. அந்தக் கையால் அவர் பிறகு பூக் கட்டவில்லை.

மாமி என்னை ஒரு சொல் குறை கூறவில்லை. குறை கூறியவள் என் மகள். பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தாள், இருபது வயது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "அம்மா, எங்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லித் தரேல்லை."

ஊரார் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவள் என் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுத் தாளில்கூட எழுதிக் கொடுக்கவில்லை. அன்று இரவு எனக்கு மேட்ரனின் கதவு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையிலிருந்தபடி நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினோம். அதிலிருந்து நாங்கள் படித்தவற்றை ஐந்தாகச் சொல்கிறேன். இவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் பாட்டிமார் பாதியைச் செய்தவர்கள்தான்.

முதலாவது, ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஆபத்தானவற்றை முதலில் எழுதுங்கள். குளிசையின் பெயர், அளவு, நேரம். வைத்தியரின் தொலைபேசி இலக்கம். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், உறுதி, வங்கிப் புத்தகம் இருக்கும் இடம். இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் இவற்றை ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்திருந்தோம். சமாதானம் வந்ததும் அந்தப் பையைக் குலைத்துவிட்டோம். அதை மறுபடி கட்டி வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் குறைந்தது இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காலைப் பொழுதை முதல்நாள் இரவே தொடங்குங்கள். வீட்டில் சத்தமும் சண்டையும் அதிகமாக வருவது காலை ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில். அந்த நேரத்தில் தேடும் பொருட்களை எண்ணிப் பாருங்கள்: காலுறை, கணக்குக் கொப்பி, பஸ் காசு, தண்ணீர்ப் போத்தல். படுக்கப் போகுமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொருவரும் தன் பொருளைத் தானே வாசலடியில் எடுத்து வைத்தால் காலையில் திட்டுவதற்கு விடயம் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் வர ஒரு மாதம் சென்றது. அந்த ஒரு மாதம் கடைக்குட்டி இரண்டு தரம் காலுறை இல்லாமல் பாடசாலை போனான். நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

மூன்றாவது, "இண்டைக்கு என்ன சமைக்கிறது?" என்ற கேள்வியைக் கிழமைக்கு ஒரு தரம் மட்டும் கேளுங்கள். நாங்கள் ஞாயிறு பின்னேரம் ஏழு நாளுக்கும் எழுதினோம். திங்கள் இடியப்பமும் சொதியும், செவ்வாய் பாணும் சம்பலும், புதன் புட்டு, வியாழன் தோசை, வெள்ளி மரக்கறி. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்பது ஏற்கனவே எங்கள் வீடுகளில் இருந்த ஒழுங்குதான். ஒரு நாளுக்கு அப்படித் தீர்மானம் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று யோசியுங்கள். அதையே மற்ற நாட்களுக்கும் நீட்டினோம். சாப்பாட்டுப் பட்டியல் எழுதினால் கடைப் பட்டியல் தானாக வரும். தேவையில்லாமல் வாங்குவது குறையும். வேலைகளையும் சேர்த்துச் செய்யலாம். மாதத்துக்கு ஒரு நாள் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை வறுத்துத் தூள் திரித்தல். கிழமைக்கு ஒரு நாள் கோதுமை மா அவித்துச் சூட்டோடு அரித்து வைத்தல். மா தயாராக இருந்தால் வேலை முடிந்து வரும் யாரும் அரை மணித்தியாலத்தில் புட்டு அவிக்கலாம். "யாரும்" என்று சொன்னேன். என் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் புட்டு அவிக்கப் பழகினார். முதலாவது புட்டு கல்லு. மூன்றாவது என் புட்டை விட நல்லது என்று மாமி சொன்னார்.

நான்காவது, வேலையைக் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள். இதைப் பலர் தவறவிடுகிறோம். "தம்பி, குப்பையைக் கொண்டுபோய்ப் போடு" என்று தினமும் ஞாபகப்படுத்தினால் கை மட்டும் அவனுடையது, தலையிடி உங்களுடையது. குப்பை எப்போது நிறைகிறது என்று பார்ப்பதும் அவன் வேலையாக இருக்க வேண்டும். எங்கள் நடு மகனிடம் மண்ணெண்ணெயும் காஸும் முடியும் நாளைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். ஒரு தரம் மறந்தான். அன்று இரவு எல்லோரும் பாண் சாப்பிட்டோம். பிறகு மறக்கவில்லை. பெண் பிள்ளைக்கு உள்வேலை, ஆண் பிள்ளைக்கு வெளிவேலை என்று பிரிக்காமல், விடுதித் தாளில் போலக் கிழமைக்குக் கிழமை முறை மாற்றினோம். 2017 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களுடையதை விட மிக அதிகம் என்று அது காட்டியது. எங்களுக்கு இது ஆய்வு செய்து தெரியவேண்டிய விடயமல்ல. ஆனால் எங்கள் ஆண் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் நாங்கள்தான் என்பதை அது ஞாபகப்படுத்துகிறது.

ஐந்தாவது, நேரசூசியில் ஒரு வெற்றிடம் விடுங்கள். எங்கள் தாளில் ஞாயிறு மத்தியானத்துக்குப் பின் ஒன்றும் எழுதவில்லை. யாரும் யாரிடமும் வேலை கேட்கக்கூடாத நேரம் அது. மாமியும் பிள்ளைகளும் தாயக்கட்டை உருட்டினார்கள். நான் திருமணத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு நாவலைப் பகல் நேரத்தில் வாசித்தேன்.

மாணவிகளுக்கு நான் வகுப்பில் சொல்லும் ஒருவரையும் இங்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அமெரிக்காவின் லில்லியன் கில்பிரெத். தொழிற்சாலைகளில் வேலை எப்படி நடக்கிறது என்று கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர். 1924 இல் கணவர் திடீரென்று இறந்தபோது அவரிடம் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீட்டில் குடும்பமாகக் கூடியிருந்து பேசி வேலைகளைப் பிரிக்கும் வழக்கம் ஏற்கனவே இருந்ததைப் பிள்ளைகளில் இருவர் பின்னர் புத்தகமாக எழுதினார்கள். அவர் தொழிலையும் விடவில்லை, பிள்ளைகளையும் விடவில்லை. குசினியின் அமைப்பைப் பற்றியும் அவர் செய்த ஆராய்ச்சி எங்கள் பாடத்துக்கு அடிப்படையானவற்றில் ஒன்று. போரில் கணவரை இழந்து தனியே பிள்ளைகளை வளர்த்த எங்கள் தோழிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரும் ஞாபகத்துக்கு வருவார்.

வெளிநாடுகளில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. என் மகள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். இருவரும் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். பனிக்காலக் காலையில் சப்பாத்து, கையுறை, தொப்பி என்று போட்டு முடிக்கவே அரை மணித்தியாலம். அங்கே அயலட்டையில் பெரியம்மா இல்லை, சித்தி இல்லை. முதல் வருடம் அவள் நாற்பது வரியில் ஒரு நேரசூசி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். மூன்று கிழமையில் கிழித்துப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் அழுதாள். நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரு நாளில் உனக்கு ஆகக் கரைச்சலான அரை மணித்தியாலம் எது? "பின்னேரம் வீட்டுக்கு வந்து முதல் அரை மணித்தியாலம்" என்றாள். எல்லோருக்கும் பசி, எல்லோருக்கும் களைப்பு. அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் திருத்தினாள். வந்தவுடன் முதலில் பழமும் பிஸ்கற்றும், பிறகுதான் மற்றதெல்லாம். சமைப்பது யார் என்பது ஞாயிறே தீர்மானம். அது பழக்கமான பிறகு அடுத்ததைத் தொட்டாள். நீங்களும் முழு வீட்டையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள். ஆக இறுகிய முடிச்சு ஒன்றை எடுங்கள்.

நல்ல காலத்தில் போட்ட ஒழுங்கு கெட்ட காலத்தில் கைகொடுக்கும். 2022 இல் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அப்போது வீட்டில் நானும் கணவரும் கடைசி மகனின் குடும்பமும். மின்வெட்டு நேரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். தண்ணீர்த் தொட்டி நிரப்புவதும் மின்விசிறிக்காரர்களின் படிப்பும் அதற்கேற்ப மாறின. விறகடுப்பில் ஒரு தரம் மட்டும் சமையல். விளக்கு வைக்கும் நேரத்தில் பேரப்பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி இருந்தார்கள். மாமி அப்போது இல்லை. அவர் வைத்த ஒழுங்கு இருந்தது.

அன்பானவர்களே, ஒரு பெண் இல்லாவிட்டால் வீடு நின்றுவிடும் என்பதை நாங்கள் புகழ்ச்சியாக எடுத்து வளர்ந்தோம். எனக்கு அது இப்போது பயமாக இருக்கிறது. நாங்கள் படுத்தாலும், பயணம் போனாலும், ஒரு நாள் இல்லாமலே போனாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், மாமிக்குக் குளிசை கிடைக்க வேண்டும், பிள்ளை படிக்க உட்கார வேண்டும். அதற்காகத்தான் ஒழுங்கு.

இந்தச் சங்கம் நூறு வருடம் நடந்திருப்பதும் அப்படித்தான். தலைவிமார் மாறினார்கள், செயலாளர்கள் மாறினார்கள், சிலர் புலம்பெயர்ந்தார்கள், சிலர் மறைந்தார்கள். கூட்ட அறிக்கைப் புத்தகம் அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இன்று வீட்டுக்குப் போனதும், அல்லது விமானம் ஏறி உங்கள் ஊர் சேர்ந்ததும், ஒரு தாள் எடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்தவற்றை எழுதுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் பெயரை மட்டும் எல்லா வரியிலும் எழுதிவிடாதீர்கள்.

மேட்ரனின் கதவில் இருந்த அந்தத் தாளுக்கும், அதை எங்களுக்குப் பழக்கிய இந்தக் கல்லூரித் தாய்க்கும் என் நன்றி.